டிஎம்ஏ நினைவக ஒதுக்கீடு

வட்டு, நெட்வொர்க் கார்டு முதலிய சாதனங்கள், செயலி ஒவ்வொரு பைட்டாக நகர்த்தாமலே நினைவகத்தில் நேரடியாக எழுதவும் படிக்கவும் கர்னல் டிரைவர் இடம் ஒதுக்கும் முறை.

பழைய ஐஎஸ்ஏ சாதனங்களின் முகவரி 24 பிட் என்பதால், அவற்றுக்கான இடம் முதல் 16 எம்பிக்குள் அமைய வேண்டும். 32 பிட் சாதனங்களுக்கு எல்லை 4 ஜிபி. லினக்ஸில் டிரைவர் முதலில் இந்த எல்லையை அறிவிக்கிறது.

செயலியும் சாதனமும் தொடர்ந்து பகிரும் கட்டளை வரிசைகளுக்கு ‘டிஎம்ஏ_அலாக்_கோஹெரன்ட்’ என்ற சார்பு பயன்படுகிறது. அது செயலிக்கு ஒன்று, சாதனத்துக்கு ஒன்று என இரு முகவரிகளைத் தரும். ஒருமுறை செல்லும் தரவுக்கு ‘டிஎம்ஏ_மேப்_சிங்கிள்’ ஏற்றது. வேலை முடிந்ததும் மேப்பிங்கை விடுவிக்காமல் படித்தால், கேஷிலுள்ள பழைய தரவே கிடைக்கலாம்.

கேமரா போன்றவற்றுக்குத் தொடர்ச்சியான பெரிய இடம் தர, 2012இல் லினக்ஸ் 3.5 பதிப்பில் சிஎம்ஏ என்ற தொடர் நினைவக ஒதுக்கி சேர்க்கப்பட்டது. சென்னை ஐஐடியின் ‘சக்தி’ செயலிகள் பின்பற்றும் ரிஸ்க்-வி கட்டமைப்புக்கும் லினக்ஸில் மேற்கண்ட அதே டிஎம்ஏ சார்புகள்தாம்.