தூங்கியே போன ஒரு சட்டம்

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து ஸ்ரீரங்கம் கோயில் மூடியதும், எங்கள் வீதியில் ஒரு வெள்ளைக் கார் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றுவிட்டது. வெளியூரிலிருந்து வருகிறவர்களைச் சமயபுரம், திருவானைக்காவல், வயலூர் என்று சுற்றிக்காட்டிப் பிழைத்த தம்பியின் வண்டி. செப்டம்பரில் கோயில் திறந்தும் கூட்டம் வரவில்லை. டிசம்பரில் என்னிடம் வந்தார். "சார், மூணு டியூ நிக்குது. வண்டியத் தூக்கிடுவாங்களா?"

வங்கியில் கடன் பிரிவில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் நான். அவர் கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது என் தாத்தாவின் புரோநோட்டு.

லால்குடிப் பக்கம் தாத்தாவுக்குக் கொஞ்சம் நஞ்சை. 1920ல் வாங்கிய கடன் 600 ரூபாய், நூற்றுக்கு மாசம் ஒரு ரூபாய் வட்டி. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை நோட்டை மாற்றி எழுதிக் கொடுத்து வட்டியை மட்டும் கட்டிக்கொண்டே இருந்தார். முப்பதுகளில் நெல் விலை விழுந்தது. ராஜாஜி மந்திரிசபை 1938ல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. 1932 அக்டோபருக்கு முந்தைய கடன் என்றால் நிலுவை வட்டி தள்ளுபடி, அசல் கட்டினால் போதும். அசலைப் போல் இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. தாத்தா கட்டியிருந்த வட்டி 1200ஐத் தாண்டியிருந்தது. கடன் கொடுத்தவர் அதன்பிறகு எங்கள் வீட்டுக் கல்யாணம் எதற்கும் வரவில்லை. அவர் பக்கமும் நியாயம் உண்டுதான். வேறு சொத்தில்லாத பெண்கள் கொடுத்திருந்த சிறு கடன்களுக்கு அந்தச் சட்டம் விலக்குக் கொடுத்தது.

ஆனால் அது நிலம் வைத்திருந்தவனுக்கு. வண்டிக்காரன் கதை வேறு.

1954ல் டி.எஸ். சந்தானம் சென்னையில் சுந்தரம் ஃபைனான்ஸைத் தொடங்கினார். லாரியும் பஸ்ஸும் தவணையில் கிடைக்க ஆரம்பித்த காலம். அந்தத் தவணைக் கொள்முதலில் கடைசித் தவணை கட்டும்வரை வண்டி கம்பெனியுடையது, ஓட்டுகிறவர் வாடகைக்காரர். அதனால்தான் பாக்கி விழுந்தால் 'சீஸ்' பண்ணுவது அவ்வளவு சுலபமாக இருந்தது. இதற்கு ஒரு கடிவாளம் போட 1972ல் பாராளுமன்றம் சட்டம் போட்டது. விலையில் குறிப்பிட்ட பங்கைக் கட்டிவிட்டவரிடமிருந்து கோர்ட் உத்தரவு இல்லாமல் வண்டியை எடுக்கக்கூடாது என்றது. வேடிக்கை என்னவென்றால், அது ஒருநாள்கூட அமலுக்கு வரவில்லை. 2005ல் ரத்தும் செய்துவிட்டார்கள். முப்பத்து மூன்று வருஷத் தூக்கம்!

இப்போதைய கார் கடனில் ஆர்.சி. நம் பேரில்தான் இருக்கும், கம்பெனியின் ஈடு அதில் பதிவாகியிருக்கும். கட்டாவிட்டால் எடுக்கலாம். ஆனால் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், விற்பதற்கு முன் கடைசி வாய்ப்பும் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அடியாள் அனுப்பக்கூடாது என்று 2007லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது.

கொரோனாவில் ஆகஸ்ட் 31 வரை தவணையை ஒத்திவைத்தார்கள், வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வட்டிக்கு வட்டி கூடாது என்று 2021 மார்ச்சில்தான் தீர்ப்பு வந்தது. தம்பிக்கு உதவியது வேறொன்று. 2020 ஆகஸ்டில் வந்த சீரமைப்புத் திட்டத்தில் தவணைக்காலத்தை இரண்டு வருஷம்வரை நீட்டலாம். கொரோனாவுக்கு முன் ஒழுங்காகக் கட்டியிருக்க வேண்டும், டிசம்பர் 31க்குள் முடிவாக வேண்டும். அவர் வந்தது டிசம்பர் இரண்டாம் வாரம்!

கிளையில் இருந்தவர் அப்படி ஒன்றுமே இல்லை என்றார். வாயால் கேட்டால் வாயால்தான் பதில். கடிதம் எழுதி, நகலில் சீல் போட்டு வாங்கிக்கொண்டு வந்தோம். எட்டாம் நாள் கூப்பிட்டார்கள். பதினெட்டு மாதம் நீட்டிக் கொடுத்தார்கள். மொத்த வட்டி கூடியது, மாசத் தவணை குறைந்தது.

போன வருஷம் கடைசி டியூ கட்டிவிட்டு இனிப்போடு வந்தார். 35ஆம் எண் படிவம் வாங்கினாயா என்று கேட்டேன், விழித்தார். அடுத்த நாளே அதை வாங்க வைத்து, ஆர்.சி.யில் கம்பெனி பேரை நீக்க ஸ்ரீரங்கம் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நானும் கூடவே போனேன்.