என் 41.1 என்னும் குறியீடும் கிருமி பற்றிய அனுமானமும்

நாட்பட்ட புராஸ்டேட் அழற்சிக்கு அமெரிக்க மருத்துவப் பதிவுகளில் இடப்படும் என் 41.1 என்னும் குறியீடு, கிருமியைக் காட்டும் துணைக் குறியீடு எதுவும் சேராமல் தனித்து நிற்கும்போது, அதனை அரைகுறைப் பதிவு என்று கொள்வது இத்துறையில் வழக்கமாகிவிட்டது. கிருமி இருந்தது, அதை மருத்துவர் எழுதத் தவறினார் அல்லது குறியீட்டாளர் சேர்க்கத் தவறினார் என்பதே அவ்வழக்கின் சாரம். பதிவுகளைத் தணிக்கை செய்வோரும், அந்நோய்க்கு அளித்த ஆன்டிபயாடிக் தக்கதுதானா என்று ஆராய்வோரும் இவ்வனுமானத்தின் மேலேயே தங்கள் முடிவுகளைக் கட்டியிருக்கின்றனர். ஆயினும் இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் வாசகத்தை நிதானமாகப் படித்தால், அவர்கள் அதன்மேல் ஏற்றும் பாரத்தை அது தாங்காது என்பது என் அபிப்பிராயம்.

அவர்கள் காட்டும் ஆதாரம் இரண்டு. என் 41 தொகுதியின் தலைப்பில், நோய்க்குக் காரணமான கிருமியை இனங்காட்ட பி 95 முதல் பி 97 வரையுள்ள குறியீடுகளைக் கூடுதலாகச் சேர்க்கும்படி ஒரு குறிப்பு இருக்கிறது. அதிகாரபூர்வமான வழிகாட்டு நெறிகளிலோ, இத்தகைய குறிப்பு தொற்றுநோய்க் குறியீட்டின் அருகே சாதாரணமாகக் காணப்படும் என்று ஒரு வாக்கியம் வருகிறது. இவ்விரண்டையும் இணைத்து, குறிப்பு நிற்கும் இடமெல்லாம் தொற்று உண்டு என்று முடிக்கிறார்கள். புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்பதிலிருந்து நெருப்பு உள்ள இடமெல்லாம் புகை உண்டு என்று ஒருவன் வாதித்தால், பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் காட்டி அவன் வாயை அடைப்பது நம் தர்க்க சாஸ்திரிகளின் மரபு. அந்த இரும்பு இங்கும் கையருகிலேயே கிடக்கிறது.

குறிப்பு என் 41.1-இன் கீழ் இல்லை, தொகுதியின் தலையில் இருக்கிறது. ஆகவே கடிய அழற்சிக்கும், சீழ்க்கட்டிக்கும், என் 41.4 ஆகிய கிரானுலோமா வகை அழற்சிக்கும் அது பொதுவானது. கிரானுலோமா அழற்சியில் பெரும்பாலானவற்றுக்குக் குறிப்பிட்ட கிருமி எதுவும் அகப்படுவதில்லை என்பதை நோய்க்குறியியலார் நெடுங்காலமாக அறிவர். குறிப்பின் நிழல் பட்டதாலேயே அதனைத் தொற்று என்று எவரும் சொல்லத் துணியமாட்டார். அன்றியும், கிருமி ஐயத்துக்கிடமின்றித் தெரிந்த சில நோய்களைக் குறியீட்டு நூல் இத்தொகுதியிலிருந்தே விலக்கித் தொற்றுநோய் அத்தியாயத்தில் வைத்திருக்கிறது: புராஸ்டேட்டின் காசநோய் ஏ 18.14, வெட்டை நோயால் வரும் அழற்சி ஏ 54.22, டிரைக்கோமோனாஸால் வருவது ஏ 59.02. உலகச் சுகாதார நிறுவனத்தின் மூல நூலில் இதே குறிப்பு, வேண்டுமாயின் சேர்க்கலாம் என்னும் விருப்பத் தொனியிலேயே இருந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. துணைக் குறியீடு இல்லாத என் 41.1 கிருமி இல்லை என்பதை நிரூபிக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. அது அவ்விஷயத்தில் மௌனம் சாதிக்கிறது. மௌனத்தைச் சம்மதமாகக் கொண்டதே மேற்சொன்ன தணிக்கையாளரும் ஆய்வாளரும் செய்த பிழை.

இம்மௌனம் எவ்வாறு நேர்கிறது என்பதை ஒரு பதிவின் போக்கில் காணலாம். கிருமியின் இருப்பிடத்தைக் கண்டறிய 1968இல் மீயர்ஸும் ஸ்டேமியும் வகுத்த நான்கு கிண்ணச் சோதனையின் வழிவந்து, 1978இல் டிராக்கும் அவருடைய சகாக்களும் செய்த பாகுபாட்டில், அழற்சியும் கிருமியும் இல்லாத வலிக்குப் புராஸ்டேட்டோடீனியா என்று தனிப்பெயர் இருந்தது. 1995இல் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனம் கூட்டிய அறிஞர் கூட்டம் அப்பெயரை நீக்கி, அந்நோயாளிகளை நாட்பட்ட புராஸ்டேட் அழற்சி அல்லது நாட்பட்ட இடுப்பறை வலித் தொகுதி என்னும் மூன்றாம் வகையில், வெள்ளணு மிகாத ‘பி’ உட்பிரிவாகச் சேர்த்தது. அறிகுறியோடு வரும் நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இம்மூன்றாம் வகையினரே. இன்று மருத்துவர், ஆறு மாதமாக விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடையே வலி, சிறுநீர்க் கல்ச்சரில் வளர்ச்சி இல்லை, நாட்பட்ட புராஸ்டேட் அழற்சி, மூன்று பி என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்பதிவு குறியீட்டாளர் கைக்கு வருகிறது. அவர் சென்னையிலோ திருச்சியிலோ இரவுப் பணியில் இருப்பவராகவும் இருக்கலாம். அகரவரிசைச் சுட்டியில் அழற்சி, நாட்பட்டது என்று தேடினால் என் 41.1 கிடைக்கிறது. மூன்று பி என்பதற்குச் சுட்டியில் வழி இல்லை. பழைய பெயருக்குரிய என் 42.81 நூலில் இன்னும் உயிரோடிருந்தும், மருத்துவர் அச்சொல்லை எழுதாதபோது ஆய்வுக்கூட முடிவைத் தாமே பொருள்கொண்டு அங்கே செல்ல அவருக்கு அதிகாரம் இல்லை. வலிக்குரிய ஆர் 10.2 வகைக் குறியீட்டைச் சேர்க்கலாமென்றாலோ, ஒரு நோயோடு வழக்கமாக வரும் அறிகுறியைத் தனியே குறிக்கலாகாது என்னும் விதி குறுக்கே நிற்கிறது. நோயே வலியாக இருக்கும் ஒருவனுடைய பதிவிலிருந்து வலி இவ்வாறு நீங்கி, அவனிடம் காணப்படாத அழற்சி மட்டும் எஞ்சுகிறது. மருத்துவரும் பிழை செய்யவில்லை, குறியீட்டாளரும் பிழை செய்யவில்லை.

இங்கே ஒரு விபரீதத்தையும் சொல்ல வேண்டும். புறநோயாளர் பதிவில் ‘இருக்கலாம்’ என்று எழுதிய நோயைக் குறியிடலாகாது என்பது நெறி. ஆதலால் தயங்கி எழுதும் மருத்துவரின் நோயாளிக்கு வலிக் குறியீடு கிடைக்கிறது, தயங்காதவரின் நோயாளிக்கு என் 41.1 கிடைக்கிறது, இருவருக்கும் நோய் ஒன்றே.

மூன்றாம் வகையின் உட்பிரிவுகளே ஐயத்துக்குரியவை, வெள்ளணுக்களின் எண்ணிக்கைக்கும் நோயாளியின் துன்பத்துக்கும் நெருங்கிய சம்பந்தம் காணப்படவில்லை என்று ஆட்சேபிப்பார் உண்டு. ஆட்சேபம் சரியே, ஆனால் அது எனக்கு எதிரானதன்று. நான்கு கிண்ணச் சோதனையை இப்போது அரிதாகவே செய்கிறார்கள், ஆகையால் மறைந்த கிருமி பலரிடம் இருக்கலாம் என்பது இன்னொன்று. சோதிக்காததைச் சோதித்ததாகக் கொள்ளும் வாதத்துக்கு நீண்ட பதில் வேண்டியதில்லை.

மருத்துவருக்கு விளக்கம் கேட்டு அனுப்பும் ‘குவெரி’யில் எந்தக் கிருமி என்று கேட்கும்படி தணிக்கையாளர் இப்போது வற்புறுத்துகின்றனர். ஈ.கோலை என்று பதில் வந்தால் பதிவு நிறைவுபெற்றதாகத் தோன்றும். கேள்வியே அந்தப் பதிலைத் தூண்டியிருக்கக்கூடும். கேட்கவேண்டியது, கல்ச்சர் செய்தது உண்டா, எந்த மாதிரியில், 1995ஆம் ஆண்டுப் பாகுபாட்டின் நால்வகையில் எது என்பதே. அதுவரையில், தனித்து நிற்கும் என் 41.1 பதிவுகளை ஆன்டிபயாடிக் கணக்கில் தொற்றுப் பக்கமும் சேர்க்காமல் மறுபக்கமும் சேர்க்காமல், கலவை தெரியாத தனிக் கூட்டமாக வைத்துக் கணிப்பதே முறை.