கண்ணிக்குள் ஒளித்த கணக்கு

அப்புத்தளைக் குளிரில் ஸ்வெட்டர் பின்னிப் பழகியவள் நான். பின்னலில் அடிப்படைக் கண்ணி இரண்டே: ஒன்று வழவழப்பாக விழும், மற்றது சிறு மேடாக எழும். முதலாம் உலகப் போரில் ஜேர்மனியர் பிடித்த பெல்ஜியத்தில், ரயில் பாதையோரக் கிழவிகள் கண்ணிகளாலேயே படை வண்டிகளைக் குறித்தார்கள் என்பார்கள்: ஒருவகை வண்டிக்கு மேடு, இன்னொன்றுக்கு நழுவவிட்ட கண்ணி. இரண்டாம் போரில் பிரித்தானியத் தணிக்கை, பின்னல் குறிப்புகளை வெளிநாட்டுக்கு அனுப்பவே தடை போட்டது. எண்ணும் சுருக்கெழுத்தும் நிறைந்த தாள் அல்லவா!

நூலுக்குள் காசுக் கணக்கும் உண்டு. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் எங்கள் தேயிலைத் தோட்டப் பெண்கள் போர்த்திய கம்பளிக்கும் சம்பளத்தில் பிடித்தார்கள். நூல் பெண்ணின் காசைப் பறிக்காமல் அவளுக்கே காசு தந்த கதை என்பதால்தான் நாகர்கோவில் லேஸ் எனக்குப் பெரிது. 1820களில் மார்த்தா மால்ட் அம்மையார் மிஷன் பள்ளியில் கற்பித்த வேலை அது. அடிமைப் பெண்கள் சிலர் லேஸ் விற்ற காசில் தங்கள் விடுதலையை வாங்கினார்கள். நாகர்கோவில் அப்போது சேர்ந்திருந்த திருவிதாங்கூர் அடிமைமுறையை ஒழித்தது 1855இல்தான்.