அறிதலும் அறிவித்தலும்: கடற்கரைப் புயல் முன்னறிவிப்பின் கதை

சென்னிமலையிலிருந்து கடல் வெகு தொலைவு. ஆயினும் நம் ஊரின் ஐப்பசி, கார்த்திகை மழையைத் தீர்மானிப்பது வங்கக் கடல்தான். அடைமழை பிடித்தால் சாயம் தோய்த்த நூல் உலராது, தறி ஓய்ந்துவிடும். ஆகவே கடற்கரை வானிலையின் வரலாறு நமக்கும் அயலானதன்று. 'கொண்டல்' என்னும் பழஞ்சொல் கீழ்க்காற்றையும் மேகத்தையும் ஒருசேரக் குறிக்கிறது. மழை வரும் திசையை நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்பதற்கு அச்சொல்லே சான்று. ஆனால் எந்த நாளில், எந்தக் கரையில் என்று முன்கூட்டிச் சொல்வது பிற்காலத்தில் கைவந்தது.

சென்னை வானாய்வகம் 1792 இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்தது. எனினும் முறையான புயல் எச்சரிக்கைக்கு ஒரு பேரழிவு தேவைப்பட்டது. 1864 அக்டோபரில் கல்கத்தாவைத் தாக்கிய புயலில் பல்லாயிரம் பேர் மாண்டனர். மறு ஆண்டே அத்துறைமுகத்துக்கு எச்சரிக்கை ஏற்பாடு வந்தது. 1875 இல் இந்திய வானிலைத் துறை தோன்றியது. துறைமுகங்களில் இன்றும் ஏற்றப்படும் எண் கூண்டுகள் யாருக்காக என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அவை கப்பல்களுக்கானவை. கரையோரக் குடிசைக்கு எச்சரிக்கை சென்று சேர நெடுங்காலம் ஆயிற்று.

1964 டிசம்பர் 22 அன்று இலங்கையின் வடபகுதியைத் தாக்கிய புயல், அன்றிரவே தனுஷ்கோடிக்கு வந்தது. இடையில் இருந்தது குறுகிய கடல் மட்டுமே. ஆயினும் பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் ரயில், நூற்றுக்கு மேற்பட்டோருடன் தனுஷ்கோடிக்கு அருகே அலைகளில் அடித்துச் செல்லப்பட்டது. ஊரும் அழிந்தது.

அதன்பின் கருவிகள் பெருகின. 1970 இல் விசாகப்பட்டினத்தில் புயல் கண்டறியும் ராடார் நிறுவப்பட்டது. 1983 முதல் இன்சாட் செயற்கைக்கோள் படங்கள் கிடைத்தன. 2002 இல் சென்னைக்கு டாப்ளர் ராடார் வந்தது. பலன் கண்கூடு. 1999 இல் ஒடிசாவில் ஏறத்தாழ 10,000 பேரைப் பலிகொண்டது ஒரு புயல். 2013 இல் அதே மாநிலத்தைத் தாக்கிய பைலின் புயலுக்கு முன் பல லட்சம் பேர் வெளியேற்றப்பட்டனர். உயிரிழப்பு சில பத்துகளில் நின்றது. 2018 நவம்பரில் வந்த கஜா புயலிலும் பல்லாயிரம் பேர் முன்கூட்டியே முகாம்களுக்குச் சென்றனர். டெல்டாவின் தென்னந்தோப்புகளைத்தான் காக்க இயலவில்லை.

எனினும் இரண்டு குறைகள் எஞ்சி நிற்கின்றன. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் விரைந்து வலுப்பெற்றபோது, குமரி மாவட்டத்து மீனவர் பலர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தனர். பல நாள் தங்கித் தொழில் செய்வோரைக் கரையின் கைப்பேசிக் கோபுரங்கள் எட்டவில்லை. அத்துயரத்துக்குப் பின்னரே செயற்கைக்கோள் வழியாக நடுக்கடலுக்குச் செய்தி அனுப்பும் கருவிகள் வரத் தொடங்கின.

மற்றொன்று, அறிவதிலேயே உள்ள குறை. புயல் பல நூறு கிலோமீட்டர் பரந்து, பல நாள் வாழ்வது. அதைத் தொடர்ந்து கண்காணிக்கலாம். இடிமேகமோ சில கிலோமீட்டர் அகலத்தில் திரண்டு, சில மணி நேரத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். ராடார் அதைக் காண்பது அது உருவான பிறகே. 2021 டிசம்பர் 30 அன்று சென்னையை மூழ்கடித்த மழையை எவரும் அந்த அளவுக்கு எதிர்பார்க்கவில்லை.

எத்தனை ராடார்கள் நிறுவினோம் என்பதோடு இந்த வரலாறு முடிந்துவிடாது. தனுஷ்கோடி ரயிலில் ஏறியவர்களுக்கும், ஒக்கியில் சிக்கிய படகுகளுக்கும் உரிய நேரத்தில் ஒரு சொல் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டால், இல்லை என்பதே விடை. இனிவரும் புயல்களிலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுவே என்று நாம் கருதுகிறோம்.