தொடுதிரையும் செயற்கை விரலும்

செயற்கை விரல் என்பது மனித விரல் தொடும்போது ஏற்படும் மின்விளைவைத் தொடுதிரையில் உண்டாக்கும் கருவியாகும். கைப்பேசிகளையும் செயலிகளையும் சோதிக்கும் எந்திரக் கைகளின் நுனியில் இது பொருத்தப்படுகிறது.

தொடுதிரையின் தொடக்கம்

இங்கிலாந்தின் மால்வெர்ன் நகரிலிருந்த அரச ராடார் ஆய்வு நிறுவனத்தின் ஈ. ஏ. ஜான்சன், மின்தேக்குத் தொடுதிரையைப் பற்றி 1965இல் கட்டுரை வெளியிட்டார். வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் அதைப் பயன்படுத்துவது அவர் நோக்கம். 1970களில் செர்ன் ஆய்வகத்தில் பெண்ட் ஸ்டம்பே இவ்வகைத் திரையை உருவாக்கினார். அங்குள்ள பெரிய துகள்முடுக்கியின் கட்டுப்பாட்டு அறையில் அது 1976 முதல் பயன்பட்டது.

தொடக்ககாலத் தொடுதிரைக் கைப்பேசிகள் பலவற்றில் இருந்தது வேறு வகை. அது அழுத்தத்தால் இயங்கியது. குச்சியால் அழுத்தினாலும் போதும். 2007இல் ஐபோன் வந்தபின் மின்தேக்குத் திரையே பரவியது. அதன்பின், சாதாரண நெகிழிக் குச்சி எந்திரக் கைக்கு உதவவில்லை.

திரை எதை உணர்கிறது?

கண்ணாடியின் அடியில், ஒளி ஊடுருவும் மெல்லிய மின்கடத்திகள் வலைபோல் அமைந்துள்ளன. உடல் மின்னைக் கடத்துவதால், விரல் நெருங்கும்போது அந்த இடத்தின் மின்தேக்குத்திறன் சற்று மாறுகிறது. அந்த மாற்றத்தையே கைப்பேசி 'தொடுகை' என்று எடுத்துக்கொள்கிறது. திருவொற்றியூர்ப் பட்டறையில் தடித்த தோல் கையுறையுடன் தொடும் தொழிலாளிக்குத் திரை பெரும்பாலும் இணங்காது. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் உப்புநீர் சொட்டும் கையால் தொட்டால், தொடாத இடத்திலும் திரை இயங்கக்கூடும். உப்புநீரும் நல்ல மின்கடத்தி.

எந்திரத்தின் விரல்

ஆகவே எந்திர விரலின் நுனி கடத்தும் ரப்பராலோ உலோகத்தாலோ ஆனதாக இருக்க வேண்டும். சிறிய உலோகத் துண்டைத் தனியே வைத்தால் திரை பெரும்பாலும் உணராது. அதைக் கம்பியால் எர்த்துடன் இணைத்தால் உணரும்.

அசைவே இல்லாத முறையும் உண்டு. திரையின் மேல் செப்புத் தகட்டை ஒட்டி, அதை ரிலே வழியாக எர்த்துடன் இணைப்பர். ரிலே மூடினால் தொட்டதாகவும், திறந்தால் விரலை எடுத்ததாகவும் கைப்பேசி கொள்ளும். ஆனால் தகடு ஒட்டிய இடத்தில் மட்டுமே இது பயன்படும். விரலை இழுப்பதுபோல் காட்ட, தகடுகளின் வரிசையோ நகரும் எந்திரக் கையோ தேவை.

மனிதர் சலிக்கும் வேலையை இவ்விரல் சலிக்காமல் செய்யும். ஒரே பொத்தானை ஆயிரக்கணக்கான முறை, ஒரே கால இடைவெளியில் தட்டும். தொட்டதற்கும் திரை மாறுவதற்கும் இடையிலான தாமதத்தையும் இதனால் அளக்கலாம்.

எச்சரிக்கை

2022இல் சீனாவின் செஜியாங் பல்கலைக்கழகமும் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டன. திரையைத் தொடாமலே, 40 மில்லிமீட்டர் தொலைவு வரையிலிருந்து மின்காந்த அலைகளால் பொய்த் தொடுகைகளை உண்டாக்க முடியும் என்று அது காட்டியது.

திரை அறிவது மின்மாற்றத்தை மட்டுமே. தொட்டவர் யார் என்பதை அது அறியாது. பணம் அனுப்பும் செயலி, பொத்தானைத் தட்டியதும் நின்றுவிடாமல் இரகசிய எண்ணையும் கேட்பது அதனால்தான் தேவையாகிறது.