தஞ்சை வீணைக்குக் கம்பி தேர்தல்: சுருதி, இழுப்பு, உலோகம்

1. ஆய்வுப் பொருள்

தஞ்சை வீணையைப் பற்றி எழுதுபவர்கள் பண்ருட்டிப் பலாமரத்தைச் சொல்வார்கள், யாளி முகத்தைச் சொல்வார்கள், ஏகாண்ட வீணைக்கும் ஒட்டு வீணைக்கும் உள்ள வேறுபாட்டை விரிவாகச் சொல்வார்கள். 2013இல் கிடைத்த புவிசார் குறியீட்டையும் மறக்க மாட்டார்கள். கம்பியைப் பற்றிய பேச்சு எழுவதோ பெரும்பாலும் அது அறுந்த பிறகுதான். கடைக்குப் போய் "ஒரு செட் கம்பி" என்று கேட்டு, கொடுத்ததை வாங்கி மாட்டிக்கொள்வதே வழக்கம். எந்தச் சுருதிக்கு, எந்தக் கைக்கு, மைக்கோடா மைக் இல்லாமலா என்று யாரும் கேட்பதில்லை.

தடிமனைத் தீர்மானிக்க வேண்டியவை சுருதியும் இழுப்பும்; உலோகத்தைத் தீர்மானிக்க வேண்டியவை கம்பியின் விறைப்பும், நாதம் எந்த வழியாக வெளியே வருகிறது என்பதும். இந்தக் கட்டுரை நிறுவ முயல்வது இதைத்தான். ஒப்பீட்டுக்கு மேல்பலகை வளைந்த ஆர்ச்டாப் கிதாரும், பாதி உள்ளீடற்ற மின் கிதாரும் துணைக்கு வருகின்றன. அந்த உலகத்தில் இதே கேள்வி இன்னும் வெளிப்படையாகப் பேசப்படுகிறது.

2. கருவியின் அமைப்பு

24 மெட்டுகள் நிலையாகப் பதிந்த இன்றைய வடிவத்தை இரகுநாத நாயக்கர் (ஆட்சி 1600–1634) காலத்தோடு சேர்த்துச் சொல்வது மரபு. வாசிப்புக் கம்பிகள் நான்கு: சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம். இவை முறையே ஸ, கீழ் ப, அதற்குக் கீழ் ஸ, அதற்கும் கீழ் ப. தாளக் கம்பிகள் மூன்று: பக்க சாரணி, பக்க பஞ்சமம், ஹெச்சு சாரணி. கம்பிகள் நாகபாசத்தில் தொடங்கிக் குதிரையின் உலோகத் தகட்டைத் தாண்டிப் பிருடைக்குப் போகின்றன. மெட்டுகள் நிற்பது தேன்மெழுகும் கரித்தூளும் கலந்த கறுப்புப் படுகையில்.

3. தடிமன்: ஒரு கணக்கு

மெல்லிய கம்பி சீக்கிரம் அறும், தடித்த கம்பி தாங்கும் என்பது பரவலான நம்பிக்கை. சுருதி கூட்டும்போது அறுவதைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் தவறு. ஒரு கம்பியின் அதிர்வெண் அதன் நீளம், விறைவிசை, ஒரு மீட்டருக்கான எடை ஆகிய மூன்றால் அமைவது. தடிமனை இரட்டித்தால் எடை நான்கு மடங்காகிறது. அதே சுருதிக்கு வேண்டிய விசையும் நான்கு மடங்காகிறது. விசையைத் தாங்கும் குறுக்குப் பரப்பும் அதே நான்கு மடங்கு. ஆகவே ஒரு சதுர மில்லிமீட்டர் இரும்பு சுமக்கும் பாரம் மாறுவதில்லை. அதைத் தீர்மானிப்பவை சுருதியும் நீளமும் மட்டுமே.

எண்ணில் பார்ப்போம். கம்பி நீளம் 80 செ.மீ., சுருதி மூன்று கட்டை (சுமார் 165 ஹெர்ட்ஸ்), சாரணி 0.40 மி.மீ. எஃகு என்று கொள்வோம். விறைவிசை ஏறத்தாழ 7 கிலோ எடைக்குச் சமம். அதே இடத்தில் 0.35 மி.மீ. கம்பி போட்டால் 5.4 கிலோ. இரண்டிலும் ஒரு சதுர மி.மீ. சுமப்பது சுமார் 55 கிலோ. நல்ல இசைக்கம்பி அறுவதற்கு இதைப்போல மூன்று நான்கு மடங்கு வேண்டும். சாரணியில் கவலையில்லை. ஹெச்சு சாரணியின் கதை வேறு. அது ஒரு ஸ்தாயி மேலே நிற்பதால், அதே நீளத்தில் பாரம் நான்கு மடங்காகி அறும் எல்லையை நெருங்கிவிடும். தாளக் கம்பிகளின் பிருடைகள் தண்டியின் பக்கத்தில், குடத்துக்கு அருகில் வைக்கப்பட்டிருப்பதன் பலன் இங்கே தெரிகிறது: நீளம் குறைகிறது, பாரமும் குறைகிறது. இந்தக் கம்பி ஓயாமல் அறுந்தால் தடித்ததை மாட்டுவது தீர்வாகாது. சுருதியைத் தணிக்க வேண்டும், அல்லது கம்பி உரசும் இடத்தில் கூர்விளிம்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இனி இழுப்பு. வீணைக் கமகத்தின் உயிர் இதில்தான். ஒரே மெட்டில் நின்று கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து அடுத்தடுத்த ஸ்வரங்களைப் பிடிப்பதில் வீணைக் கலைஞர் எஸ். பாலசந்தர் (1927–1990) எவ்வளவு தூரம் போனார் என்பது அவர் பதிவுகளைக் கேட்டவர்களுக்குத் தெரியும். ஸவிலிருந்து மவுக்கு, அதாவது சுத்த மத்தியமத்துக்கு, இழுக்க விறைவிசை 1.78 மடங்காக வேண்டும். ஸவிலிருந்து பவுக்கு 2.25 மடங்கு. மேலே சொன்ன கம்பியில் மவுக்குப் போக வேண்டிய நீட்சி 0.21 சதவீதம், அதாவது 80 செ.மீ. நீளத்தில் 2 மி.மீ.கூட இல்லை. இந்த நீட்சியும் தடிமனைப் பொறுத்து மாறுவதில்லை. விரல் நகர வேண்டிய தூரம் இரண்டு கம்பிக்கும் ஒன்றே. விரல் கொடுக்க வேண்டிய பலம்தான் வேறு. 0.40 கம்பி மவில் நிற்கும்போது விசை 12 கிலோவைத் தாண்டுகிறது, 0.35 கம்பியில் 9.5 கிலோ. கனத்த கம்பியின் நாதம் வேண்டும், நீண்ட இழுப்பும் வேண்டும் என்பவர் சுருதியைத் தணித்துக்கொள்வதே வழி.

மூன்று கட்டை வீணையை ஐந்து கட்டைப் பாட்டுக்குப் பக்கத்தில் வைத்துச் சுருதி ஏற்றுவது வீடுகளில் சாதாரணமாக நடக்கிறது. விசை 41 சதவீதம் கூடும். பழைய விசையே வேண்டுமானால் 0.40 கம்பி 0.34 ஆக வேண்டும். கம்பியை மாற்றாமல் பிருடையை மட்டும் முறுக்குவதால் வரும் விளைவை முதலில் காட்டுவது பயிலும் குழந்தையின் விரல்நுனி. குறை பயிற்சியில் இருப்பதாக நினைத்து அந்தக் குழந்தையைக் கடிந்துகொள்வோரும் உண்டு.

4. உலோகம்: விறைப்பும் குதிரையும்

சாரணிக்கும் பஞ்சமத்துக்கும் எஃகு, கீழ்க் கம்பிகளுக்குப் பித்தளை அல்லது சுற்றுக்கம்பி என்பது பொது வழக்கு. பித்தளை கனமானது என்பதே காரணம் என்பார்கள். ஆனால் எஃகைவிடப் பித்தளையின் அடர்த்தி சுமார் எட்டு சதவீதமே அதிகம். அதனால் பெரிய லாபமில்லை. மெய்யான காரணம் விறைப்பு. அனுமந்தரத்துக்கு வேண்டிய எடையை ஒற்றை எஃகுக் கம்பியில் கொண்டுவந்தால் அது 1 மி.மீ. தாண்டிப் போய், கம்பி போல ஆடாமல் சலாகை போல ஆடத் தொடங்கும். மேல்சுரங்கள் கூடுதலாக ஏறி, ப என்று மீட்டினால் ஏதோ தகரச் சத்தம் கேட்கும். பித்தளையின் விறைப்பு எஃகில் ஏறக்குறையப் பாதி. சுற்றுக்கம்பி இன்னும் நல்ல வழி: மெல்லிய உள்கம்பி வளைந்துகொடுக்கிறது, மேலே சுற்றியது எடையை மட்டும் தருகிறது. ஆர்ச்டாப் கிதாரின் கனமான செட்டுகளில் மூன்றாம் கம்பியும் சுற்றப்பட்டிருப்பதன் நியாயமும் இதுவே.

சுற்றுக்கம்பிக்கு ஒரு விலை உண்டு. இயற்பியலாளர் சி. வி. இராமன் 1921இல் வெளியிட்ட ஆய்வில், வீணை, தம்பூரா குதிரைகளின் அகன்ற வளைபரப்பில் கம்பி படிந்து ஆடுவதால், எழக்கூடாது என்று பழைய விதி சொல்லும் மேல்சுரங்களும் எழுகின்றன என்று காட்டினார். வழவழப்பான ஒற்றைக் கம்பி தகட்டில் ஒழுங்காகப் படியும். சுற்றுக்கம்பியின் வரிகள் அப்படிப் படியாது. நாளடைவில் தகட்டில் மெல்லிய அரம் போட்டதுபோல் கோடுகளும் விழும். பழைய வீணை ஒன்றின் குதிரையைச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால், சாரணிக்குக் கீழே ஒரே பளபளப்பான தடமும், அனுமந்தரத்துக்குக் கீழே பல்பல்லான தேய்வும் தெரியும். தட்டைச் சுற்றுக்கம்பி இதைக் குறைக்கும். ஜாஸ் கிதார் கலைஞர்கள் விரல் சறுக்கும் ஓசை கேட்காதிருக்கவும், இருண்ட நாதத்துக்கும் இதைத் தேர்கிறார்கள். வீணையில் அந்த இருள் எல்லோருக்கும் பிடிக்காது. என் அபிப்பிராயத்தில் மந்தரத்துக்குப் பித்தளை ஒற்றைக் கம்பியும் அனுமந்தரத்துக்கு மட்டும் தட்டைச் சுற்றும் நல்ல சேர்க்கை.

மீட்டும் முறையும் கணக்கில் வர வேண்டும். தஞ்சை அரசவைக் கலைஞர் மரபில் வந்த வீணை தனம்மாள் (1867–1938) நகத்தால் வாசித்தவர். அந்த மென்மைக்கு விறைவிசை குறைந்த கம்பி பதில் சொல்லும். விரலில் மீட்டு மாட்டி ஓங்கி அடிப்பவருக்கு அதே கம்பி மெட்டில் பட்டுச் சலசலக்கும்.

5. மின் ஒலி

கிப்சன் நிறுவனம் 1922இல் எல்-5 கிதாரையும், 1936இல் பிக்கப் பொருத்திய இஎஸ்-150ஐயும், 1958இல் நடுவே கட்டை வைத்த இஎஸ்-335ஐயும் கொண்டுவந்தது. முதலாவதில் வெண்கலச் சுற்றுக்கம்பி நன்றாகப் பேசும். மற்ற இரண்டில் அதே செட்டைப் போட்டால் கீழ்க் கம்பிகள் சோர்ந்துவிடும். காந்த பிக்கப் கேட்பது இரும்பையும் நிக்கலையும்தான். வெண்கலச் சுற்று அதற்குத் தெரியாது, உள்கம்பி மட்டும் தெரியும்.

வீணையில் காந்த பிக்கப் வைப்பவர் இதே இடறலைச் சந்திக்கிறார். சாரணி கணீரென்று ஒலிக்கும், பித்தளை மந்தரம் ஒலிபெருக்கியில் வராமலே போகும். நிக்கல் சுற்றுக்கம்பி போட்டால் சீராகும். தொடு மைக் மரத்தின் அதிர்வை எடுப்பது; அதற்கு எந்த உலோகமும் சரி. யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014) மின் மாண்டலினில் இரட்டைக் கம்பிகளை விட்டு ஒற்றைக் கம்பிகளுக்கு மாறி ஐந்தாவது கம்பியும் சேர்த்துக்கொண்டதை இங்கே நினைக்கலாம்: கமகம் பிடிக்க ஒற்றைக் கம்பி, மந்தர ஸ்தாயிக்கு ஒரு கனமான கம்பி, மெலிந்த ஒலியை ஈடுகட்ட மின்சாரம். மைக் இல்லாத கச்சேரிக்கு வைத்த கனத்த கம்பியை ஒலிபெருக்கி வந்த பிறகும் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் விரலைத்தான் வருத்துகிறார்கள்.

6. காவிரி டெல்டாவின் வெயிலும் ஈரமும்

ஐப்பசி, கார்த்திகை மழையில் எஃகு துருப்பிடிக்கும். நாகப்பட்டினம் பக்கம் கடற்காற்றும் சேரும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைப்பது போதுமானது. விரலுக்குத் தடவும் எண்ணெய் ஒற்றைக் கம்பியைக் காக்கிறது. சுற்றுக்கம்பியின் இடுக்கில் அழுக்கோடு சேர்ந்து நாதத்தை அடைக்கிறது. சித்திரை வெயிலில் மெழுகு இளகியிருக்கும்போது கனத்த கம்பியை அழுத்தி இழுத்தால் மெட்டு சாயும்.

கம்பிகளை ஒவ்வொன்றாகவே மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் ஒருசேரக் கழற்றினால் ஆர்ச்டாப்பின் குதிரையைப் போலவே வீணைக் குதிரையும் இடம் நகரும். தடிமனை மாற்றினால், மெட்டில் அழுத்தும்போது ஏறும் சுருதியும் மாறும். பழைய கம்பிக்குச் சரியாக இருந்த மேளம், அதாவது மெழுகில் மெட்டுகளைப் பதித்த அமைப்பு, புதியதற்கு மேல் மெட்டுகளில் பிசகும். ஓரிரு மெட்டானால் மெழுகை இளக்கி நகர்த்திவிடலாம், ஸ்தாயி முழுதும் பிசகினால் மேளம் கட்டும் ஆசாரியிடம்தான் போக வேண்டும். மேளம் கட்டும் கூலியோடு ஒப்பிட்டால் கம்பியின் விலை அற்பம். ஆதலால் புதுத் தடிமனை முயல நினைப்பவர், மேளம் எப்படியும் புதுப்பிக்க வேண்டிய ஆண்டு வரும்வரை காத்திருந்து, வேண்டிய கம்பிகளை மாட்டிய பிறகே வீணையை ஆசாரியிடம் கொடுப்பது நல்லது.