பழனி பஞ்சாமிர்தமும் மலைவாழையும்

பழனி பஞ்சாமிர்தம் என்பது பழனி தண்டாயுதபாணி சுவாமி கோயிலின் அபிஷேகப் பிரசாதம் ஆகும். வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, பசுநெய், தேன், ஏலக்காய் ஆகிய ஐந்தும் இதன் முதன்மைப் பொருள்கள். பேரீச்சையும் கற்கண்டும் உடன் சேரும். ஒரு சொட்டு நீரும் சேர்ப்பதில்லை. ஆகவே ஈரப்பதம் குறைந்த விருப்பாச்சி மலைவாழையே இதற்கு ஏற்றது. பல நாள் கெடாமலும் இருக்கும்.

1970களில் முடிக்கொத்து நோய் கீழ்ப்பழனி மலையின் வாழைத் தோட்டங்களைப் பெருமளவு அழித்தது. அசுவினிப் பூச்சி பரப்பும் இந்த வைரஸ் நோய்க்கு மருந்தில்லை. நோயுற்ற மரத்தை வேரோடு அகற்றுவதே வழி. பின்னர் திசு வளர்ப்பு முறையில் நோயற்ற கன்றுகள் உருவாக்கப்பட்டன.

2019 ஆகஸ்டில் பஞ்சாமிர்தம் புவிசார் குறியீடு பெற்றது. தமிழகக் கோயில் பிரசாதங்களுள் இக்குறியீட்டை முதலில் பெற்றது இதுவே. எனினும், இதன் பழைய சுவை நிலைப்பது மலைவாழைச் சாகுபடி தொடர்வதைப் பொறுத்தது.